மேனேஜர் தலை வைத்த கை

மேனேஜருக்கு முடி கொட்ட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆபீஸ் மேனேஜர் என்று நினைத்துவிட வேண்டாம், இது நாய். தான் ஒரு துரும்பையும் நகர்த்தாமல், மற்றவர்கள் வேலை செய்வதை மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து முறைத்துப் பார்க்கும் குணம் குட்டியிலேயே தெரிந்துவிட்டதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒரு காலத்தில் தடவினால் விரல் புதைகிற அளவுக்குப் பழுப்பு முடி. இப்போது இரண்டு விலாவிலும் சவரம் செய்துவிட்ட மாதிரி வெறும் தோல். வயிறு, தொடை, கழுத்தின் அடி என்று ஒவ்வொரு இடமாகக் காலியாகி, தோலும் கறுத்துவிட்டது. வால் மட்டும் பழைய பவிசில் ஆடிக்கொண்டிருந்தது.

போதாக்குறைக்கு, ஆண் நாயான அவனுக்குக் காம்புகள் வேறு குட்டி போட்ட நாய்க்குப் போல வீங்கியிருந்தன. "மேனேஜருக்கு இது எத்தனையாவது மாசம்?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். தம்பியின் மனைவி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றிருந்தாள். "எனக்கு முன்னாடி அவன் பெத்துடுவான் போல இருக்கு" என்று அவளும் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அக்கா அந்த வீட்டுக்கு மூத்தவள். தம்பிக்கு அக்கா; தம்பி மனைவிக்கு நாத்தனார்தான், ஆனால் அவளும் அக்கா என்றே கூப்பிடுவாள். வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் வேண்டாம் என்று தானே முடிவெடுத்து, அதைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசாதவள். இருபத்தாறு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். கற்றுக்கொடுப்பவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமே, அதில் அவள் கால் வாயைவிட வேகம். அதனால் படித்துப் போனவர்கள் எல்லாரும் அவளைப் பிரேக் அக்கா என்பார்கள். சாலை விதிப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படிக்காதவரை வண்டியில் ஏற்றமாட்டாள். "படிச்சேன்னு சொல்ற, சரி. கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்டு ஆளை வியர்க்க வைப்பாள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது பிறகு வரும், பொறுங்கள்.

பக்கத்துத் தெரு நாய் டாக்டர் ஒன்றும் குறை வைக்கவில்லை. தோலைச் சுரண்டிப் பார்த்தார், பூச்சி இல்லை. பூஞ்சை இல்லை. ரத்தம் எடுத்தார், தைராய்டு சரியாக இருந்தது. சாப்பாட்டை மாற்றி இரண்டு மாதம், மருந்து ஷாம்பூ வாரம் இரண்டு முறை என்று எல்லாம் செய்தாயிற்று. எதிர்வீட்டிலிருந்து பின்வீடுவரை ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். அக்கா எல்லாருக்கும் "சரி சரி" என்று தலையாட்டிவிட்டு ஒன்றையும் தடவவில்லை. ஆனால் ஒரு விஷயம் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மேனேஜர் சொறியவே இல்லை. சொறிநாய் என்று தெருவே பேர் வைத்துவிட்டது, அவனோ ஒரு நாள்கூடக் காலைத் தூக்கிச் சொறிந்ததில்லை. கடைசியில் அந்த டாக்டரே, "என் கைக்கு மீறிப்போச்சு. பிராணிகளோட தோலுக்குன்னே தனியா படிச்சவர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட காட்டுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

தோல் டாக்டரிடம் நாள் கிடைத்தது வியாழக்கிழமை. தம்பி கெடு வைத்திருந்தது ஞாயிற்றுக்கிழமை.

தம்பியைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அவன்தான் மேனேஜரைச் சட்டைக்குள் போட்டுக் குட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்தவன். ஆனால் இன்னும் மூன்று வாரத்தில் குழந்தை. "குழந்தை தவழுற தரையில இவன் படுக்கணும்க்கா. என்ன வியாதின்னே ஆறு மாசமா யாருக்கும் தெரியல. என் கூட வேலை செய்யறவர் வீடு ஊருக்கு வெளியில இருக்கு, பெரிய இடம், நல்லாப் பார்த்துக்குவாங்க. ஞாயித்துக்கிழமை கொண்டு விட்டுடறேன்" என்றான். குழந்தையை வைத்துப் பேசினால் யார்தான் என்ன பதில் சொல்ல முடியும்? மேனேஜர் போய்விட்டால் சாயங்காலம் வீடு திரும்பும்போது தன் செருப்புச் சத்தத்துக்கு எழுந்து நிற்க ஒரு ஜீவன் இருக்காது என்பதை மட்டும் அக்கா நினைத்துப் பார்த்தாள்.

அவளுக்கு யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதி இருந்தது. ஒரு வருஷமாகவே உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை கொதித்து ஏறும், ஜாக்கெட் நனைந்துவிடும், பிறகு நடுங்கும். மாதவிடாய் நிற்கிற வயதில் வருவதுதான். ஆனால் கண்ணாடி ஏற்றிய காருக்குள், பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் புது ஆளோடு உட்கார்ந்திருக்கும்போது வந்தால்? ஒரு நாள் அப்படி வந்து, எதிரே எதுவுமே இல்லாத ரோட்டில் அவள் பிரேக்கை மிதித்துவிட, ஓட்டிக்கொண்டிருந்த பெண் பயந்து அழுதேவிட்டாள். அடுத்த வாரமே பெண்கள் டாக்டரிடம் போய், ஹார்மோன் ஸ்ப்ரே வாங்கி வந்தாள். தினம் சாயங்காலம் குளித்துவிட்டு இடது முன்கையின் உள்பக்கம் மூன்று அழுத்து. பத்து நாளில் கொதிப்பு அடங்கியது. அந்தக் குட்டிப் புட்டி அலமாரியில் பழைய புடவைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பிரேக்கில் கால் வைக்கிறவளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு சொல் வெளியே போனால் ஸ்கூல் முதலாளி என்ன சொல்வாரோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, வீட்டில் சொல்வதற்கு வெட்கம்.

வியாழக்கிழமை தம்பியும் கூட வந்தான். "டாக்டர் வாயால நானே கேக்கணும்" என்றான். ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். அக்கா மேனேஜரைப் பிடித்துக்கொண்டிருந்ததால் தம்பி உரக்கப் படித்துப் படித்து எழுதினான்.

"நாய் எங்கே தூங்குகிறது? எங்க தூங்கலன்னு கேட்டா சீக்கிரம் எழுதிடலாம். தரையை எதால் துடைக்கிறீர்கள்? வீட்டில் வேறு பிராணிகள் உண்டா?"

"நீ இருக்கியே, எழுது" என்றாள் அக்கா.

"வீட்டில் யாராவது தோலில் தடவும் அல்லது தெளிக்கும் மருந்து பயன்படுத்துகிறார்களா?"

அக்காவுக்கு ஒரு கணம் காது சூடானது. எதிரே ஒருவர் மடியில் முயலோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு குடும்பமே நின்றிருந்தது. என் மருந்துக்கும் நாய் முடிக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"இல்ல" என்றாள். தம்பி 'இல்லை' என்று எழுதி, கீழே ஒரு கோடும் போட்டான்.

தோல் டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். தலையில் ஒரு முடி கிடையாது. இவரே இப்படி இருக்கிறார், மேனேஜருக்கு எங்கே முளைக்க வைக்கப் போகிறார் என்று அக்காவுக்குத் தோன்றியது. முகத்தில் தெரிந்துவிட்டதோ என்னவோ, "என் தலையைப் பார்த்து நம்பிக்கையை விட்டுடாதீங்க. இதுக்கு நான் டாக்டர் இல்ல" என்றார்.

அவர் உடனே நாயைத் தொடவில்லை. மேனேஜர் அறை முழுக்க மோந்து பார்த்து முடிக்கும்வரை படிவத்தைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகுதான் ரப்பர் விரித்த மேஜையில் ஏற்றி, விளக்கை அணைத்து, ஊதா வெளிச்சத்தில் தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஒட்டும் டேப்பைத் தோலில் அழுத்தி எடுத்தார். வழுக்கையின் ஓரத்திலிருந்து நாலைந்து முடியைப் பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்து, அக்காவையும் பார்க்கச் சொன்னார்.

"நுனி பாருங்க, முழுசா இருக்கு. கடிச்சோ நக்கியோ உடைஞ்ச முடி இல்ல. ஆனா வேர் எல்லாம் தூங்குது. பழைய முடி விழுந்தது தப்பில்ல, புதுசு முளைக்கணும்னு உடம்புக்குத் தோணலை. உள்ள ஏதோ ஒண்ணு அதை 'சும்மா இரு'ன்னு அடக்கி வெச்சிருக்கு."

"ஒட்டுமா டாக்டர்?" என்றான் தம்பி. "மூணு வாரத்துல எங்க வீட்டுக்குக் குழந்தை வருது. எங்க அக்காதான் பார்த்துக்கப் போறாங்க."

"பூச்சியும் இல்ல, பூஞ்சையும் இல்ல. ஒட்டாது."

"காரணம் தெரியாம ஒட்டாதுன்னு எப்படி நம்பறது?"

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. "நியாயம்தான்" என்றார். "இந்தக் காம்பைப் பாருங்க. பெண் ஹார்மோன் இவன் உடம்புல எங்கிருந்தோ வருது. விதை எடுக்காத நாயா இருந்தா அங்க கட்டி இருக்கான்னு பார்ப்பேன். இவனுக்கு எடுத்து மூணு வருஷம் ஆச்சு. அப்ப வயித்துக்குள்ள வேற எங்கயாவது கட்டி இருக்கணும். ஸ்கேன் பண்ணணும், தேவைப்பட்டா மயக்கம் கொடுத்துத் திறந்து பார்க்கணும். இல்லேன்னா வெளியில இருந்து வரணும்."

"வெளியிலன்னா?"

அதற்கு அவர் மூலையைக் காட்டினார். அங்கே கைப்பிடி கிழிந்த பழைய சோபா ஒன்று கிடந்தது. அந்தப் பளபளப்பான அறையில் இது ஏன் என்று அக்கா வந்தபோதே நினைத்திருந்தாள். "அதுல போய், சாயங்காலம் வீட்டுல எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க மேடம். நான் எல்லாரையும் உக்கார வெச்சுப் பார்ப்பேன். ஃபாரத்துல எழுத மறந்தது இங்க தெரியும்."

அக்கா போய் உட்கார்ந்தாள். மேனேஜர் மேஜையிலிருந்து குதித்து, கேள்வி கேட்காமல் சோபாவில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, அவள் இடது கையை மூக்கால் நெம்பித் திருப்பி, உள்பக்கத்தை இரண்டு தடவை நக்கிவிட்டு, அதன்மேல் கழுத்தை நீட்டிப் படுத்தான். விலா அவள் முழங்கையில் அழுந்தியது. கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டான். வருஷக்கணக்காகத் தினமும் செய்வதுதான்.

டாக்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தம்பியிடம், "சார், இவனை வெளியில கூட்டிட்டுப் போய் எடை பார்த்துட்டு வந்துடுங்க. நர்ஸ் உதவி பண்ணுவாங்க" என்றார். கதவு சாத்தியதும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தினமும் இந்தக் கைதானா?"

"இந்தக் கைதான்."

"மேடம், நான் மனுஷங்களுக்கு டாக்டர் இல்ல. உங்களைப் பத்தி எதையும் எழுதி வைக்கப் போறதில்ல. இந்தக் கையில ஏதாவது தடவறீங்களா? இல்லேன்னு சொன்னா நம்பறேன். நம்பி, நாளைக்கு ஸ்கேனுக்கு எழுதறேன், அப்புறம் கத்தி."

அக்கா கையைப் பார்த்தாள். இன்னும் அதில் மேனேஜரின் எச்சில் காயவில்லை.

"ஸ்ப்ரே. ஹார்மோன் ஸ்ப்ரே" என்றாள். "எட்டு மாசமா. குளிச்சிட்டு அடிப்பேன், அப்புறம் பேப்பர் படிக்க உக்காருவேன். அவன் வந்து படுத்துக்குவான்."

"எட்டு மாசம்" என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். "இவனுக்கு ஆறு மாசமா கொட்டுது. அதுகூட ஒரு சீட்டு வந்திருக்குமே, மடிச்சு வெச்சு?"

வந்தது. அக்கா அதைப் பிரிக்கவே இல்லை. பெட்டியிலிருந்து எடுத்து, மடிப்புக் கலையாமல், குப்பையிலும் போடாமல் அலமாரியில் செருகிவிட்டாள். இருபத்தாறு வருஷமாக ஊரார் எல்லாரையும் கடைசிப் பக்கம்வரை படிக்கச் சொன்ன மகராசி, தனக்கு என்று வந்த ஒற்றைத் தாளைப் படிக்கவில்லை. மருந்தின் பெயரைப் பார்த்தாலே தன் வயதை யாரோ உரக்கச் சொல்வது போலிருந்தது அவளுக்கு.

"நான்தான் அவனைக் கெடுத்தேனா?"

"சரியாயிடுவான். இனிமே அந்த இடம் அவன் மேல படக்கூடாது, அவ்வளவுதான். உங்க மருந்தை நீங்களா நிறுத்தவும் வேண்டாம். உங்க டாக்டரைப் பார்த்து, எங்க அடிக்கறது, எப்படி மூடறதுன்னு கேளுங்க. முடி வர்றதுக்கு மூணு நாலு மாசம் ஆகும்."

அக்காவுக்கு மூச்சு வந்தது. கத்தி இல்லை. ஒட்டாது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. "தம்பிகிட்ட ஏதோ ஹார்மோன் கோளாறுன்னு மட்டும் சொல்லிடறீங்களா டாக்டர்? மத்தது எதுக்கு?"

"சொல்லிடறேன்" என்றார் அவர். எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் வைத்தார். வைத்துவிட்டு, "குழந்தையை நீங்கதான் பார்த்துக்கப் போறீங்கன்னு தம்பி சொன்னாரே" என்றார்.

அக்கா இடது கையை மறுபடி பார்த்தாள். குழந்தையை அவள் எந்தக் கையில் வைத்துக்கொள்வாள்? ஆறு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்தாயிற்று. வலது கை பால் புகட்ட, துணி மாற்ற, கதவு திறக்க. தலை இடது கையில்தான். சாயங்காலம், குளித்துவிட்டு, பேப்பர் படிக்கிற நேரத்தில், பிஞ்சுக் கன்னம் இந்த இடத்தில்தான் படிந்திருக்கும். மேனேஜரைப் போல அதுவும் முடி கொட்டியா சொல்லும்? தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்களே, குழந்தைக்கு வரவிருந்தது மேனேஜரின் முடியோடு போயிருந்தது.

திரும்பும்போது அவள்தான் காரை ஓட்டினாள். பின்சீட்டில் மேனேஜர் தூங்கினான். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக நிறுத்தி, கை பிரேக்கை இழுத்தாள். தம்பி என்ன என்பது போல் பார்த்தான்.

"அந்த ஃபாரத்துல 'இல்லை'ன்னு எழுதிக் கோடு வேற போட்டியே. அது பொய்டா" என்றாள். ரோட்டைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொதிப்பு, பிரேக், புட்டி, சீட்டு, மேனேஜர் படுக்கிற கை, குழந்தையின் தலை. வெட்கம் நடுவில் எங்கேயோ இறங்கிப் போய்விட்டது.

தம்பி பின்சீட்டில் தூங்கும் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அதனாலதான் தூக்கம் வராம நடந்துக்கிட்டே இருந்தியா?" என்றான். "எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுந்தியே, அதுவுமா?"

"அது பாதி. மீதி என் சுபாவம்."

அவன் சிரிக்கவில்லை. "உனக்குக் குழந்தை வர்றதுல இஷ்டமில்லன்னு நெனைச்சோம்க்கா. இத்தனை வருஷம் உன் இஷ்டத்துக்கு இருந்த வீடு. நாங்க ரெண்டு பேரும் தனியா வீடு பார்க்கலாமான்னுகூடப் பேசினோம். எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

நாய் மட்டுமா போயிருக்கும் என்று அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் வீட்டையே மறைத்துத் தொலைத்திருப்பாள். "மடையா" என்றாள், குரல் உடைந்து. "குழந்தைக்குன்னு நான் நாலு மாசமா சேர்த்து வெச்சிருக்கிற துணியெல்லாம் அலமாரியில இருக்கு. புட்டிக்குப் பக்கத்துல."

தம்பி கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அலமாரியைத் திறந்தா இன்னும் என்னென்ன வருமோ. வண்டியை எடு. அவகிட்டயும் நீயே சொல்லு."

தம்பி மனைவி கேட்டுவிட்டு முதலில் அக்காவின் கையைப் பிடிக்க வந்து, பாதியில் நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லியிருந்தா உங்களுக்கு முதுகுக்கு ஃபேனாவது திருப்பி வெச்சிருப்பேனே அக்கா" என்றாள். பிறகு அந்தச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லி, சோபாவில் சாய்ந்துகொண்டு உரக்கப் படித்தாள். மூன்றாவது வரியிலேயே இருந்தது: மருந்து பட்ட இடத்தைக் குழந்தைகளோ வளர்ப்புப் பிராணிகளோ தொடாமல் பார்த்துக்கொள்ளவும். "கொட்டை எழுத்துல போட்டிருக்கான்" என்றாள். அக்கா கடைசிப் பக்கம்வரை உட்கார்ந்து கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் எங்கேயும் போகவில்லை. பெண்கள் டாக்டர் ஸ்ப்ரேயைத் தொடைக்கு மாற்றினார். உலரவிட்டு, மேலே துணி, கை கழுவல். பாவம் மேனேஜர். தன்னை ஏன் கையிலிருந்து இறக்கினார்கள் என்று புரியாமல் ஒரு வாரம் சோபாவின் கீழே படுத்து முனகினான். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் அக்கா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அவனை மறுபடி ஏற்றிக்கொண்டாள். மூன்றாவது வாரம் பெண் குழந்தை பிறந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அதே வரவேற்பறை. மேனேஜரின் விலாவில் பஞ்சு போலப் புது முடி, பழைய பழுப்பைவிடக் கொஞ்சம் கறுப்பாக. காம்புகள் சுருங்கிவிட்டன. அக்காவின் இடது கையில் குழந்தை தூங்கியது, அவள் பாதத்தின்மேல் மேனேஜர் தலை வைத்திருந்தான். தம்பி படிவத்தை எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கேள்வி வந்ததும் அவன் குரல் தானாகத் தாழ்ந்தது.

"ஆமான்னு எழுது" என்றாள் அக்கா, பயிற்சி வண்டியில் பேசுகிற குரலில். "ஹார்மோன் ஸ்ப்ரே. தொடையில, துணிக்கு உள்ள. எல்லாத்தையும் எழுது."

"அக்கா, மெதுவா" என்று தம்பி காது சிவக்க எழுதி முடித்து, படிவத்தைக் கொடுக்க எழுந்து போனான். பேனாவை நாற்காலியிலேயே வைத்துவிட்டான்.

எதிரே மடியில் பூனையோடு ஒரு பெண்மணி, அக்கா வயதுதான் இருக்கும். பூனையின் வயிறு வழுக்கையாக இருந்தது. அவள் பக்கத்திலும் நிரப்பிய படிவம் ஒன்று கிடந்தது. முன்னால் குனிந்து, "நீங்களும் அதுதான் அடிக்கிறீங்களா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அக்கா பூனையைப் பார்த்தாள். அவள் கையைப் பார்த்தாள். "கூட வந்த சீட்டைப் படிச்சீங்களா?" என்றாள்.

அந்தப் பெண்மணி பூனையின் மேலிருந்து கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். பிறகு படிவத்தை மடியில் வைத்து மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள்.

"அந்தப் பேனாவைக் கொஞ்சம் குடுங்க" என்றாள்.